ஜஸ்டினுக்குப் பின்னால் தொங்கியது

1

இந்தக் கதை உத்தமபாளையம் பேருந்தில் கிடைத்தது. பக்கத்து இருக்கைப் பெண் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு "ஹீர், தார், எர்" என்று முணுமுணுத்தாள். டச்சு மொழியாம். கணவர் நெதர்லாந்தில். மொழித் தேர்வில் தேறினால்தான் அவளுக்கு விசா. அவ்வளவு சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

மீதி என் கற்பனை. நான் குடும்பக் காதல் கதைகள் எழுதுகிறவள். இதற்கும் முடிவாக ஒரு விமான நிலையம் தயாராக வைத்திருந்தேன்.

2

[திராட்சைப் பந்தலுக்கு மேல் நிலா எழுந்தபோது ஜெசி— வேண்டாம். பகலிலேயே தொடங்குகிறேன்.]

ஜெசி, பள்ளி ஆசிரியை வேலையை விட்டுவிட்டுத் தேர்வுக்குப் படிக்கிறாள். கணவன் ஜஸ்டினுக்கு அங்கே பூப்பண்ணையில் வேலை. தினமும் வீடியோவில் பாடம் நடத்துவான். 'ஹீர்' என்றால் இங்கே. 'தார்' கைநீட்டிக் காட்டும் அங்கே. 'எர்' எந்த இடத்தையும் சுட்டாமல், ஒன்று இருக்கிறது என்று மட்டும் சொல்லும்.*

"எர் போடுற எடத்துல தார் போடுற. பெயிலாயிருவ. அடுத்த தடவை எழுதலாம்" என்று இரண்டு முறை தள்ளிப்போட்டிருந்தான்.

* எனக்கும் இது பிடிபட நாளானது. ஆகவே ஜஸ்டினைக் கண்டிப்பான, அன்பான ஆசிரியன் என்றே நம்பி எழுதிவந்தேன்.

3

"எனக்குப் பின்னால என்ன இருக்கு? டச்சுல சொல்லு" என்றான் ஜஸ்டின், வீடியோவில்.

சுவரில் கோட்டு தொங்கும். அதுதான் வழக்கமான விடை.

"எர் ஹாங்க்ட்…", 'ஒன்று தொங்குகிறது' என்று தொடங்கிய ஜெசி நின்றுவிட்டாள்.

கோட்டின் மேல் இன்னொன்று தொங்கியது. பிரித்த உரச்சாக்கு. பழைய சேலைக் கரையில் தைத்த நாடா. குமுளிக்கு மேலே ஏலத்தோட்டத்தில் வேலை செய்கிறவர்கள் ஈரம் படாமல் இடுப்பில் கட்டுவது. கல்லூரி விடுமுறைகளில் அவளும் கட்டியிருக்கிறாள். அதிலிருந்து செம்மண் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

அதற்கான டச்சுச் சொல்லை அவன் சொல்லித் தரவில்லை.

(நானும் இதை யோசித்து வைக்கவில்லை. கோட்டு என்று எழுதப் போன கை இதை எழுதியது. அடித்துவிட்டுத் திரும்ப எழுதினேன். திரும்பவும் சொட்டியது.)

4

"என்ன ஹாங்க்ட்? முடி."

"எர் சரியா வந்துச்சாங்க?"

"வந்துச்சு. இன்னைக்குத்தான் சரியா வந்துருக்கு."

"அப்ப பரீட்சை எழுதிரட்டுமா?"

ஜஸ்டின் சிரித்தான். அவள் கண் போன இடத்தைத் திரும்பிப் பார்த்தான். சிரிப்பு முகத்திலேயே நின்றது.

"ஜெசி, அங்க வேலை போயி ரொம்ப நாளாச்சு. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு…"

அவன் நெதர்லாந்தில் இல்லை. மலைக்கு அந்தப் பக்கம். ஜீப்பில் போய்த் திரும்பும் தூரம். இவள் வேலையை விட்டது அவனுக்குத் தெரியும்.

அடுப்படியிலிருந்து மாமியார் இன்னாசியம்மாள் குரல் கொடுத்தார்: "ஆத்தா, அவென் சாப்ட்டானான்னு கேளு. அங்கன குளிரு கொறஞ்சிருச்சாமா?"

5

முடிவு அ: மறுநாள் காலை ஜெசி குமுளி ஜீப்பில் ஏறுகிறாள். [அவனை அழைத்துவரவா, அறையவா என்று தெரியாமல் நிறுத்திவிட்டேன்.]

முடிவு ஆ: பிடிவாதமாகத் தேர்வை எழுதித் தேறுகிறாள். [தேறி யாரிடம் போவாள்?]

விமான நிலைய முடிவைக் கிழித்துவிட்டேன்.

போன் இன்னும் இணைப்பில் இருக்கிறது. திரையில் ஜஸ்டின் இரு கைகளையும் கூப்பி, வேண்டாம் என்று தலையாட்டுகிறான். "குடு, நானே கேக்குறேன்" என்று முந்தானையில் கையைத் துடைத்தபடி இன்னாசியம்மாள் வருகிறார். போனை நீட்டுவதா, கவிழ்ப்பதா?

எனக்கு ஜெசியின் விரல் வரைதான் தெரிகிறது. அது போனின் விளிம்பில் இருக்கிறது. நீங்கள் அவளாக இருந்தால்…