காதியார் வரும்வரை நெய் வேண்டாம்

என் மச்சான் யஹ்யாவுக்குப் பைத்தியம் தெளியக் கூடாது என்று நான் துஆக் கேட்டிருக்கிறேன். அவசரப்பட்டு ஏசாதீர்கள். முழுவதையும் கேட்டுவிட்டு ஏசுங்கள், அதற்கும் என்னிடம் பதில் இருக்கிறது.

யஹ்யா என் தங்கை ஸுபைதாவின் புருஷன். மாத்தளை பஸ் நிலையத்துக்குப் பின்னால் பெட்டரிக் கடை வைத்திருந்தான். லக்கலைக்குப் போகும் லொறி, எல்கடுவத் தோட்டத்து லொறி எல்லாம் அவனிடம்தான் வரும். செத்த பெட்டரிகளை உடைத்து, உள்ளே இருக்கும் காரீயத் தகடுகளை வீட்டுக்குப் பின்னால் வைத்து உருக்குவான். ஒரு பக்கத்து வேலிக்கு இப்பால் என் வீடு. மறுபக்கத்து வேலிக்கு அப்பால் புஹாரி ஹாஜியார். தெருவில் யார் தும்மினாலும் அவருக்குத் தெரிந்துவிடும். அப்படி ஒரு காது.

வருஷக்கணக்காக அந்தப் புகையைக் குடித்து யஹ்யாவுக்கு மூளை கலங்கிவிட்டது. தொழுகையில் குனிந்தால் குனிந்தபடியே நிற்பான். யாராவது தட்டி நிமிர்த்த வேண்டும். கோபமோ மூக்கு நுனியில். ஒருநாள் அஸர் தொழுகைக்குப் பிறகு அடுக்களை வாசலில் நின்று ஸுபைதாவைப் பார்த்து மூன்று முறை தலாக் சொன்னான். சொல்லி முடித்ததும் தேத்தண்ணி கேட்டான்.

ஸுபைதா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். புஹாரி ஹாஜியார் வேலிக்கு மேலே தலையை நீட்டி, "கேட்டது! மூணும் கேட்டது!" என்று கத்தினார். மஃரிப் தொழுகைக்குள் பள்ளிவாசல் முழுக்கப் பேச்சாகிவிட்டது.

முத்தலாக் என்றால் விளையாட்டா? அவள் இன்னொருவனைக் கட்டி, அவனும் விட்டால்தான் யஹ்யாவோடு மறுபடி வாழலாம். பள்ளிவாசலில் தொழுகை நடத்தும் லெப்பை மட்டும் என்னிடம் ஒரு வழி சொன்னார்.

"பைத்தியம் புடிச்சவன் சொன்ன தலாக் விழாது லாபிர். ஆனா அன்னைக்கு அவனுக்குப் புத்தி இருந்துச்சா இல்லையான்னு காதியார்தான் தீர்க்கணும்."

நிக்காஹ் வழக்குகளைத் தீர்க்கும் காதியாரோ ஹஜ்ஜுக்குக் கப்பலேறிவிட்டார். அவர் திரும்பும்வரை ஸுபைதாவை என் வீட்டில் வைத்துக்கொண்டேன். யஹ்யாவுக்குத் தான் சொன்ன எதுவும் நினைவில்லை. நினைவூட்டவும் பயம், கோபத்தில் இன்னொரு மூன்றைச் சொல்லிவிட்டால்? அதனால் என் மனைவி ஆஸியாவுக்குச் சுகமில்லை, ஸுபைதா துணைக்கு வந்திருக்கிறாள் என்று சொல்லிவைத்தோம். கல்லைத் தின்றாலும் செரிக்கும் உடம்பு ஆஸியாவுக்கு. யஹ்யாவின் செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவள் ஓடிப்போய்ப் படுத்து முனக வேண்டியதாயிற்று.

இந்த நிலையில்தான் எல்கடுவத் தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் ஹெர்பர்ட், தன் ரேடியோ பெட்டரியைச் சார்ஜ் பண்ண வந்தார். யஹ்யாவின் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். பல் ஈறு ஓரமாக நீலக் கோடு ஓடியிருந்தது.

"இது ஈய விஷம். மொதல்ல இந்த உருக்குற வேலைய நிப்பாட்டுங்க. நல்ல சாப்பாடு குடுங்க. மூளைங்கிறதே பெரும்பாலும் கொழுப்புத்தாங்க, அதுக்கும் தீனி வேணும்" என்றார். உருக்கும் சட்டியையும் கையோடு தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

மனிதர் சொன்னதில் கடைசி வசனத்தை மட்டும் ஊர் பிடித்துக்கொண்டது. ஸுபைதா பசு நெய் உருக்கினாள். கசாப்புக் கடைக்காரர் ஆட்டு மூளை அனுப்பினார். தேங்காய்ப் பாலில் முங்கிய சாளை மீன் ஒரு வீட்டிலிருந்து, நெஞ்செலும்பு சூப்பு இன்னொரு வீட்டிலிருந்து. பல்லேகமவிலிருந்து ஒரு வாடிக்கைக்காரர் எருமைத் தயிர் முட்டியைத் தலையில் சுமந்துவந்தார். ஹெர்பர்ட்டின் மனைவி மரியாயி நல்ல மனதோடு பன்றிக் கொழுப்பு ஒரு போத்தல் கொடுத்தனுப்ப, அதை எங்கே கொட்டுவது என்று ஆண்கள் கூடி ஆலோசித்தார்கள்.

எனக்கு மட்டும் இது சரியாகப் படவில்லை. கொஞ்சம் யோசியுங்கள். காதியார் வரும்போது இவன் தெளிந்து நின்றால், பைத்தியம் என்று எந்த வாயால் சொல்வது? புஹாரி ஹாஜியார் வேறு, "அன்னைக்கும் புத்தியோடதான் இருந்தார்" என்று தெருத்தெருவாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஸுபைதா அவன் முன்னால் வரக் கூடாது என்பதால் நெய்ச்சோற்றைக் கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. வேலியோரம் வாழை மரத்துக்குப் பின்னால் நின்று மூளையையும் நெய் ஊறிய சோற்றையும் நான் தின்றேன். மீதிச் சோற்றை அவனுக்குக் கொடுத்தேன். தங்கையின் வாழ்வுக்காகத் தின்றேன். என் சாரம் இடுப்பில் கட்ட எட்டாமல் போனது அல்லாஹ்வுக்குத் தெரியும்.

ஒருநாள் ஸுபைதா தன் அண்ணனைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டாள்.

"நானா! நோயாளிட சோத்தத் திங்கிறீங்களே, வெக்கமில்ல?"

"ஒனக்காகத்தான் புள்ள. அவன் தெளிஞ்சிட்டா ஒன்ட வாழ்க்க போச்சு. காதியார் வந்து பாத்துட்டுப் போகட்டும், பொறகு ஒரு டின் நெய்ய டின்னோட ஊத்து. அதுவரைக்கும் நெய் வாணாம்."

ஸுபைதா சோற்றுப் பீங்கானை என் கையிலிருந்து பிடுங்கினாள்.

"அவர் துவாயக் கட்டிக்கிட்டு சாரத்தத் தோள்ல போட்டுட்டுப் போறாரு. தெருவுல சனம் சிரிக்குது. அவரப் பைத்தியமா வெச்சுத்தான் எனக்குப் புருஷன் வேணுமா? தெளிஞ்சு அந்நியரா நின்னாலும் பரவால்ல. தெளியட்டும்."

அன்றிலிருந்து பீங்கானை ஒரு பருக்கை குறையாமல் கொண்டுபோய்க் கொடுத்தேன். யஹ்யாவும் தெளிந்துகொண்டே வந்தான். குனிந்தால் தானாக நிமிர்ந்தான். "மதினி ஆஸியாவுக்கு உண்மையிலயே என்ன மச்சான்?" என்று ஒருநாள் என் கண்ணைப் பார்த்துக் கேட்டான். நெய்தான் தெளியவைத்ததா, சட்டி போனதுதானா என்று கேட்டால் ஹெர்பர்ட்டே கையை விரிக்கிறார். எதுவானால் என்ன, என் தங்கையின் கதை முடிந்தது என்றே நினைத்தேன்.

காதியார் வந்தார். மத்ரஸா அறையில் விசாரணை. ஸுபைதா திரைக்குப் பின்னால். புஹாரி ஹாஜியார் புதுத் தொப்பியோடு முன் வரிசையில்.

"யஹ்யா, அன்னைக்கு நீங்க தலாக் சொன்னீங்களா?" காதியார் கேட்டார்.

"சொன்னேன். மொதல்ல நினைவு இருக்கல்ல. இப்ப எல்லாம் நினைவு வந்திருக்கு."

திரைக்குப் பின்னால் ஒரு விம்மல் கேட்டது.

"நடந்தத அப்படியே சொல்லுங்க."

"மொதல்ல சட்டிக்குச் சொன்னேன்" என்றான் யஹ்யா.

"எந்தச் சட்டிக்கு?"

"ஈயம் உருக்குற சட்டிக்கு. கையச் சுட்டுப் போட்டுச்சு. மூணு தலாக் சொன்னேன். பொறகு ஆட்டுக்கு."

"ஆட்டுக்குமா?"

"என்ட தொப்பியத் தின்னுடுச்சு. அதுக்கும் மூணு. பொறகு கிணத்துக் கயித்துக்கு. பொறகு லாபிர் மச்சான்ட வீட்டுப் பக்கம் திரும்பி அவருக்கு."

என்னையும் விட்டிருக்கிறான்! காதியார் தாடியைக் கையால் பொத்திக்கொண்டு புஹாரி ஹாஜியார் பக்கம் திரும்பினார்.

"ஹாஜியார், இதெல்லாம் உங்களுக்குக் கேட்டதா?"

ஹாஜியாருக்குத் தன் காதைக் குறை சொல்ல மனம் வருமா?

"கேட்காம என்ன? எல்லாம் தெளிவாக் கேட்டது. ஆட்டப் பத்தி யாரும் என்னட்ட விசாரிக்கல்ல. நிக்காஹ் செஞ்சது பொண்டாட்டியத்தானே, அத மட்டும் சொன்னேன்."

காதியார் நெடுநேரம் ஓலைப் பாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிரிப்பை அடக்குகிறார் என்று தோள் குலுங்கியதில் தெரிந்தது.

"கயித்துக்கும் ஆட்டுக்கும் தலாக் சொன்ன மனுசனுக்கு அந்த நேரம் புத்தி இருக்கல்ல. அவர் சொன்ன ஒன்னும் விழல்ல. நிக்காஹ் அப்படியே இருக்கு. பொண்டாட்டியக் கூட்டிட்டுப் போங்க."

என் கணக்கில் இப்போதும் பிழை கிடையாது. ஆட்டைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் ஏன் நெய்யைத் தடுக்கப் போகிறேன்?

திரும்பும்போது நான் முன்னால் நடந்தேன். பின்னால் அவர்கள் இருவரும். வழியில் ஸுபைதாவின் குரல் கேட்டது.

"ஆட்டுக்கும் பொறகுதானா எனக்குச் சொன்னீங்க?"

"ஓம். கடைசியாத்தான் ஒனக்குச் சொன்னேன்."

"ஏன் கடைசி?"

"ஒவ்வொன்னா விட்டுட்டு வந்தேன். ஒன்னைய விட்ட பொறகு, விடுறதுக்கு எனக்கு வேற ஒன்னும் இருக்கல்ல."

நான் திரும்பிப் பார்த்தேன். ஸுபைதா முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டு நடுத்தெருவில் நின்று அழுதுகொண்டிருந்தாள்.