இரண்டு பெயருள்ள ஊர்

அமலன் போலந்துக்குப் போன ஐந்தாவது மாதத்தில்தான் ஜெயராணிக்குச் சந்தேகம் வந்தது. அவள் மொரப்பூரில் ஒரு மருந்துக் கடையில் வேலை பார்த்தாள். கணவனுக்கு மரப்பலகை அறுக்கும் ஆலையில் வேலை, எல்லையோரத்தில் ஸ்டாரி ப்ரூட் என்ற சின்ன ஊரில். ஆனால் அவன் அனுப்பிய படத்தில், மாதா கோயிலுக்குப் பின்னாலிருந்த பழைய கல்லறைகளில் ஆல்ட்ஃபுர்ட் என்று வேறொரு ஊர்ப்பெயர் வெட்டியிருந்தது. அவன் இருக்கும் இடம் பகலில் அவள் போனில் ஜெர்மனி என்று காட்டியது; சாயங்காலமானால் போலந்து.

"அங்க யாராச்சும் இருக்கப் போறாங்கக்கா" என்றான் தம்பி டேவிட்ராஜ்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் வீடியோவில் கூப்பிட்டுக் கேட்டாள்.

"ஊரு ஒண்ணுதான். பேருதான் ரெண்டு" என்றான் அமலன். "எண்பது வருசத்துக்கு முந்தி இது ஜெர்மன்காரங்க ஊரு. உலகச் சண்டை முடிஞ்சதும் ஆத்தையே எல்லையாக்கிட்டாங்க. இந்தக் கரையில இருந்தவங்கள மூட்டையோட தொரத்திட்டு, கெழக்கேருந்து போலந்துக்காரங்களக் கொண்டாந்து குடிவெச்சாங்க. ஹலினா சொன்னாங்க."

"ஆருங்க ஹலினா?"

அவன் போனைத் திருப்பினான். எண்பத்து நாலு வயதுக் கிழவி உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தாள். வீட்டுக்காரி. ஐந்து வயதில் வந்தவளாம். பழைய சொந்தக்காரர்கள் திரும்பி வந்து கேட்பார்கள் என்று பயந்து, அவள் அப்பா இருபது வருசம் கூரையைக்கூடச் சரிசெய்யவில்லையாம்.

ஜெயராணிக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் விடவில்லை. "பகல்ல மட்டும் ஏன் ஜெர்மனின்னு காட்டுது?"

"ஆலை ஆத்தோரத்துல இருக்கு, அக்கரை டவர் எடுக்குதும்மா. ஆறு நம்ம தென்பெண்ணை அகலங்கூட இல்ல."

"ஆத்துக்குப் போயி, நிக்கற எடத்த அனுப்புங்க."

பாலத்தடிக்குப் போய் அனுப்பினான். போலந்து என்றே வந்தது.

"டவருக்கு இன்னைக்கு லீவுங்களா?"

அவன் பாலத்தடிக் கல்லில் உட்கார்ந்தான். பிறகு சொன்னான். கான்ட்ராக்டர் தினமும் வேனில் ஏற்றிப் பாலத்தைத் தாண்டி அக்கரை ஆலைக்குக் கொண்டுபோகிறார். அவனும், அவனோடு தங்கியிருக்கும் ஏரியூர் மாதப்பனும், இன்னும் நாலு பேரும். அங்கே வேலை செய்ய அவர்களுக்கு அனுமதி கிடையாது.

"புடிச்சா?"

"திருப்பி அனுப்பிடுவாங்க."

"நாளைக்கு அந்த வேன்ல ஏறாதீங்க."

அவன் ஏறவில்லை. ஒரு மாதம் வேலையில்லாமல் கிடந்தான். ஹலினா தன் அண்ணன் மகனிடம் சொல்லி, இக்கரையிலேயே ஒரு காளான் பண்ணையில் முறையான அனுமதியோடு சேர்த்துவிட்டாள். ஜெயராணி நிம்மதியாகத் தூங்கினாள்.

பதினைந்து நாள் கழித்து, அந்த வேனைப் பாலத்தில் போலீஸ் மடக்கியது. யாரோ தகவல் கொடுத்திருந்தார்கள். மாதப்பன் ஊர் திரும்பினான். மறுநாள் கடைக்கு வந்து நின்றாள் அவன் மனைவி மணிமேகலை.

"உங்க வூட்டுக்காரரு மட்டும் எப்படிங்க முன்னாடியே எறங்கிக்கிட்டாரு?"

"நாந்தான் போவேணாம்னு சொன்னங்க. அவரு காட்டிக் குடுக்கற ஆளு இல்ல."

மணிமேகலை அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தாள்.

அன்று மாலை அமலன் கூப்பிட்டான். காளானைப் பற்றி, குளிரைப் பற்றிப் பேசினான். மாதப்பன் பெயரை எடுக்கவில்லை. தகவல் கொடுத்தது யாரென்று அவளும் கேட்கவில்லை.