ஐந்தாம் கடையில் எடுத்து வைத்த பங்கு

விம்கோ நகருக்கு மெட்ரோ இரயில் நிலையம் வந்தது பிற்பாடுதான். கன்னியம்மாவின் மீன் வறுவல் கடை அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் மூத்தது. ஒரு தள்ளுவண்டி, ஓர் அடுப்பு, நடுவில் குழிந்த இரும்புக் கல், ஒரு மசாலாத் தூக்கு ஆகியன அக்கடையின் அசையும் சொத்துகள். அசையாச் சொத்து கன்னியம்மா. மாலை ஐந்து மணிக்கு அவள் கல்லின் முன் நின்றுவிட்டால், அவளை அவ்விடத்தினின்று நகர்த்தும் வல்லமை மாநகராட்சிக்கே வாய்க்கவில்லை.

அவ்வல்லமை தமக்கு வாய்த்திருப்பதாக நம்பியவர் அவளுடைய கணவர் சின்னப்பையன். காசிமேட்டில் முப்பது ஆண்டுகள் விசைப்படகு ஓட்டிய அப்பெருமகனார், முழங்கால்கள் இரண்டும் ஒருசேர வேலைநிறுத்தம் அறிவித்தமையால் கரையேறியவர். கடலை இழந்த மனிதரின் கையில் கைப்பேசி கிடைத்தால் என்னென்ன நேரும் என்பதைக் கன்னியம்மா ஆறே மாதங்களில் கண்ணாரக் கண்டாள். யாரோ ஒருவன் மாவைத் தலைக்கு மேலே சுழற்றிப் பிடிக்கும் காணொளியை ஒருநாள் அவர் பதினொரு முறை பார்த்தார். பன்னிரண்டாம் முறையும் பார்த்து முடித்த பின் அறிவித்தார்.

“கன்னி, நம்ம எடத்துல பிஸ்ஸா கடை போடுறோம்.”

“அப்போ மீனு?”

“மீனு இன்னா மீனு? மெட்ரோல எறங்குற பொண்ணுங்கோ இன்னும் எத்தினி நாளைக்கு முள்ளு எடுத்துகினு நிக்கும்? கரண்டு அடுப்பு ஒண்ணு வாங்குறோம். நீ பக்கத்துல நின்னு வெங்காயம் அரிஞ்சி குடு. அது போதும்.”

‘அது போதும்’ என்ற இரு சொற்கள் அவளைச் சுட்ட அளவுக்கு, காய்ந்த எண்ணெய் ஒருநாளும் சுட்டதில்லை. எண்ணூர் அனல்மின் நிலையத்து ஊழியர் முதல் வள்ளூர் லாரி ஓட்டுநர் வரை ‘கன்னியம்மா கடை’ என்று பெயர் சொல்லி வரும் இடத்தில், இனி அவள் வெங்காயம் அரிபவள்!

மூன்று நாள்கள் போர் நடந்தது. நான்காம் நாள் உடன்படிக்கை ஏற்பட்டது. ஞாயிறுதோறும் இருவரும் நகரத்துப் பிஸ்ஸா கடை ஒன்றுக்குச் செல்ல வேண்டும். மொத்தம் ஐந்து கடைகள். அவற்றுள் ஒன்றேனும் கன்னியம்மாவுக்குப் பிடித்துவிட்டால் தள்ளுவண்டி சின்னப்பையனுக்கு. ஐந்தும் பிடிக்காவிடில், பிஸ்ஸா என்னும் சொல்லை அவர் தம் வாழ்நாளில் வீட்டுக்குள் உச்சரித்தல் ஆகாது. நடுவராகப் பக்கத்துச் சுண்டல் வண்டி அங்கம்மா நியமிக்கப்பட்டாள். இவர்கள் திரும்பும் வரை கன்னியம்மாவின் அடுப்பைக் காக்கும் பொறுப்பும் அவளையே சேர்ந்தது.

முதற்கடை ஒரு பேரங்காடியின் மூன்றாம் தளத்தில் குளிரூட்டப்பட்டு விளங்கிற்று. எங்கே சென்றாலும் முதலில் கை கழுவுவது கன்னியம்மாவின் வழக்கம். கழுவிக்கொண்டு வந்து அமர்ந்தாள். சீருடை அணிந்த இளைஞர் ஒருவர், மாவு மெல்லியதாக வேண்டுமா, தடிமனாக வேண்டுமா என்று மிகுந்த பணிவுடன் வினவினார்.

“வெந்ததா குடு நைனா,” என்றாள்.

இரண்டாவது கடை அண்ணா நகரில். சின்னப்பையன் ஒரு துண்டைத் தூக்க, சீஸ் அரை முழ நீளத்துக்குப் பின்தொடர்ந்து வந்தது. அவர் முகம் பூரித்தது.

“பாத்தியாமே, எப்டி இழுக்குதுன்னு?”

“வலை பின்னலாம்யா. துன்றதுக்கு இன்னா கீது?”

மூன்றாவது பெரம்பூரில். ஒன்று வாங்கினால் மற்றொன்று இலவசம் என்றார்கள். “ஒண்ணையே துன்ன முடியல, இன்னொண்ணு எதுக்கு? தண்டனையா?” என்று கேட்டுவிட்டுக் கன்னியம்மா தண்ணீர் மட்டும் பருகினாள். நான்காவது கிழக்குக் கடற்கரைச் சாலையில். இரண்டு பேருந்துகள் மாறிப் போய்ச் சேர்ந்தால், அங்கே விறகு அடுப்பைக் கண்ணாடிக்குள் வைத்து அனைவரும் படம் பிடித்துக்கொண்டிருந்தனர். வந்த பிஸ்ஸாவின் ஓரம் கரிந்திருந்தது. அதுவே அதன் சிறப்பு என விளக்கினார் சின்னப்பையன்.

“நான் கருக்குனா திட்டுற. இவன் கருக்குனா வெரலை நக்குறியே!”

இந்நான்கு கடைகளிலும் கிட்டிய பயன் ஒன்றே ஒன்று. பிஸ்ஸாவின் மேல் தூவிக்கொள்ள மேசையில் இலவசமாக வைத்திருந்த காய்ந்த இலைத்தூள் பொட்டலங்களைச் சின்னப்பையன் சட்டைப் பையில் நிரப்பிக்கொண்டு வந்தார். வருங்கால முதலாளி மூலப்பொருள் சேகரிக்கிறாராம்.

ஐந்தாம் ஞாயிறு விடிந்தது. அன்று காலை மசாலாத் தூக்கின் மூடி சாய்ந்து கிடந்ததைக் கண்ட கன்னியம்மா, பூனையைத் திட்டித் தீர்த்தாள். பூனை அதனை மறுக்கவில்லை.

கடைசிக் கடை தொலைவில் இல்லை, காலடிப்பேட்டையில்தான். தெற்கத்தி மொத்த வியாபாரக் குடும்பத்தைச் சேர்ந்த ஜெபின் என்பவர் புதிதாகத் தொடங்கியது. நான்கு மேசைகள், ஒரு மின்விசிறி. மற்றக் கடைகளைவிட இங்கே பிஸ்ஸாவைத் தோற்கடிப்பது இன்னும் எளிது என்று கன்னியம்மா கணக்கிட்டாள். கை கழுவி வருவதற்குள் பிஸ்ஸா மேசைக்கு வந்திருந்தது. மேலே சிவப்பாகத் தூவியிருந்தார்கள். சின்னப்பையன் அன்றைக்கு ஏனோ கூரையைப் பார்த்தவாறு அமர்ந்திருந்தார்.

அவள் ஒரு கடி கடித்தாள். மென்றாள். மெல்வதை நிறுத்தினாள். பிறகு மீண்டும் மென்றாள்.

நன்றாக இருந்தது. ஏனென்று சொல்லத் தெரியவில்லை. ஆனால் நாக்கு முன்பே அறிந்த ஒன்றைப்போல் அதனை வரவேற்றது. இந்த உண்மையை முகம் வெளியிடாதவாறு கன்னியம்மா புருவத்தைச் சுருக்கினாள், உதட்டைப் பிதுக்கினாள், “கலீஜா கீது,” என்றும் கூறி வைத்தாள். முகமும் வாயும் சொன்னபடி கேட்டன. கை கேட்கவில்லை. அது தானாகக் கைப்பையைத் திறந்து, எவர்சில்வர் டப்பாவை எடுத்து, ஒரு பெரிய துண்டை அதற்குள் வைத்து மூடிற்று.

சின்னப்பையன் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார். அந்நேரம் முழங்கால்கள் முற்றிலும் ஒத்துழைத்தன.

“எடுத்து வெச்சிட்டியே!”

“இன்னாத்த?”

“பங்க!”

காசிமேட்டுப் படகுகளில் மீன் ஏலத்துக்குப் போகும் முன்னரே ஆட்கள் தத்தம் வீட்டுக் குழம்புக்கென ஒரு பங்கை எடுத்து வைப்பது வழக்கம். அப்பங்கில் கெட்டுப்போன மீன் இருந்ததாக வரலாறு இல்லை. படகோட்டியின் மகளாய்ப் பிறந்து, படகோட்டிக்கே வாழ்க்கைப்பட்ட கன்னியம்மாவும் நல்லது எதைக் கண்டாலும் வேண்டியவருக்கு ஒரு பங்கை முதலில் எடுத்து வைத்துவிட்டே மீதியை உண்பாள். இதனை அறிந்த உயிர் உலகில் இரண்டு. அவற்றுள் ஒன்று எதிரில் நின்று சிரித்துக்கொண்டிருந்தது.

“அங்கம்மா நம்ம அடுப்பப் பாத்துகினு கீறா. அவளுக்கு ஒரு துண்டு குடுக்கக் கூடாதா?”

“நாலு வாரமா அவ இன்னா, கப்பலையா பாத்துகினு இருந்தா? அப்போ ஏன் எடுக்கல?”

கன்னியம்மா டப்பாவைக் கைப்பைக்குள் திணித்தாள். வெளியே வந்து நடக்கையில், மின்னடுப்பை எந்தப் பக்கம் வைப்பது என்று சின்னப்பையன் காற்றில் கையால் வரைந்துகொண்டே வந்தார். இரும்புக் கல்லை யாருக்குக் கொடுப்பது என்று அவள் எண்ணிக்கொண்டே வந்தாள். பழைய இரும்புக்காரனிடமா? பதினைந்து ஆண்டுகள் தேய்த்துத் தேய்த்துக் குழிவு தந்த கல்லையா? துரோகம் செய்த வலக்கையை அவள் முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

வண்டியருகே அங்கம்மா இடுப்பில் கைவைத்து நின்றிருந்தாள்.

“இன்னாக்கா, முடிஞ்சிதா? யாரு கெலிச்சது?”

“நான்தான்!” என்றார் சின்னப்பையன். “ஒங்க அக்கா பங்கு எடுத்தாந்துகீறா. துன்னு பாத்துட்டுத் தீர்ப்பு சொல்லு.”

கன்னியம்மா டப்பாவை நீட்டினாள். அங்கம்மா கடித்தாள். இரண்டாம் கடியில் அவள் நெற்றி சுருங்கியது.

“இன்னாக்கா இது? பிஸ்ஸான்னு சொல்லிட்டு ஒன் மசாலாவையே ரொட்டியில தடவிக் குடுக்குற?”

கன்னியம்மா டப்பாவை வாங்கி முகர்ந்தாள். ஒன்றும் தெரியவில்லை. பதினைந்து ஆண்டுகளாக அவள் கையிலும் புடவையிலும் தலைமயிரிலும் ஊறிக் கிடக்கும் மணத்தை அவள் மூக்கு எப்படிப் பிரித்தறியும்? எனினும் மூடி சாய்ந்து கிடந்த தூக்கு அவள் நினைவில் வந்து நின்றது. திட்டு வாங்கிய பூனையும் வந்து நின்றது. அவள் கணவரை நோக்கித் திரும்பினாள். கணவர் வானத்தை நோக்கித் திரும்பினார்.

“கன்னி, ரயிலு வருது பாரு.”

“வரட்டும். நீ பாக்கெட்டக் காட்டுயா.”

“இன்னாத்துக்கு?”

“காட்டுன்றேன்ல!”

சட்டைப் பையிலிருந்து இலைத்தூள் பொட்டலங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. கடைசியாக நாளிதழ்க் காகிதத்தில் மடித்த பொட்டலம் ஒன்று வந்தது. பிரித்தால் சிவப்பு. பையின் அடித்தையலும் சிவப்பு.

“நான் கை கழுவப் போனப்ப தூவினியா?”

“கெலிக்கறதுக்குன்னு மட்டும் இல்லமே,” என்று சின்னப்பையன் வேட்டியைச் சரிசெய்துகொண்டார். “நாலு வாரமா உப்பும் இல்லாம ஒறப்பும் இல்லாம நான் இன்னா பேஜாருபட்டேன் தெரிமா? ஒன் எதிர்க்க மூஞ்சி சுளிக்கவும் முடியல. அஞ்சாவதையாவது நிம்மதியா துன்னலாம்னுதான்...”

அதாவது, பிஸ்ஸா கடை முதலாளியாகப் போகின்றவரால், மனைவியின் மீன் மசாலா இல்லாமல் பிஸ்ஸாவை விழுங்க இயலவில்லை. அங்கம்மா சிரித்த சிரிப்பில் மெட்ரோ நிலையப் படிக்கட்டில் இறங்கியவர்கள் நின்று பார்த்தார்கள்.

“தீர்ப்பு சொல்லவாக்கா? எந்த ருசிய நீ பங்கு எடுத்து வெச்சியோ, அந்தக் கடைதான் இந்த எடத்துல இருக்கணும். கல்லு காயுது, மீனப் போடு.”

கன்னியம்மா முந்தானையை இடுப்பில் செருகினாள்.

“யோவ், அங்க நின்னு இன்னா பாக்குற? வெங்காயம் அரி. அது போதும்.”

தலையில் வெள்ளைக் குல்லாய் அணிந்து சின்னப்பையன் புன்னகைக்கும் பிஸ்ஸா கடைப் பதாகை ஒன்று, உடன்படிக்கையின் மை உலருமுன்னரே அச்சாகிக் கட்டிலுக்கடியில் காத்திருந்தது மறுநாள் வெளிப்பட்டது. நல்ல பொருளை வீணாக்குவது கன்னியம்மாவுக்கு ஆகாது. கடற்காற்று அடுப்பை அணைக்காதவாறு அதனை வண்டியின் கிழக்குப் பக்கத்தில் கட்டினாள். முகம் உட்புறம். எண்ணெய் தெறிக்கும்போதெல்லாம் அவர் அசையாமல் புன்னகைக்கிறார்.

இலைத்தூள் பொட்டலங்கள் கல்லாப் பெட்டியின் மூலையிலேயே கிடந்தன. வியாழக்கிழமை கூட்டம் குறைவு. சின்னப்பையன் தேநீர் குடிக்கப் போயிருந்தார். கன்னியம்மா ஒரு பொட்டலத்தைப் பிரித்து, வேகும் வஞ்சிரத் துண்டின் மீது விளையாட்டாகத் தூவினாள். இறக்கி ஆறவைத்து, ஓரத்தைக் கிள்ளி வாயிலிட்டாள். மென்றாள். மெல்வதை நிறுத்தினாள்.

குனிந்து பார்த்தபோது, வலக்கை பாதித் துண்டைப் பிட்டு அங்கம்மாவுக்கென்று இலையில் எடுத்து வைத்திருந்தது.

அவள் அக்கம்பக்கம் பார்த்தாள். அங்கம்மா யாருக்கோ சுண்டல் மடித்துக்கொண்டிருந்தாள். கன்னியம்மா அந்தப் பங்கையும் எடுத்துத் தன் வாய்க்குள்ளேயே போட்டுக்கொண்டு, காலிப் பொட்டலத்தை அடுப்புக்குள் தள்ளினாள்.