ஈரத்தோல் எடை

எல்லாரும் சௌக்கியந்தானே? சுகர், பிரஷர் எல்லாம் சொன்ன பேச்சு கேட்குதா? கேட்கலைன்னாலும் பரவாயில்லை, உட்கார்ந்து இதைப் படிங்க.

கவுஸ் பாஷா ஆம்பூர் தோல் மண்டிக்காரர். இரண்டாயிரத்து நாலில் இரண்டு கிட்னியும் கைவிட்டதால் வேலூரில் டயாலிசிஸ். அக்கா மஹ்பூபி தன் கிட்னியைத் தரத் தயார். டாக்டர்தான் தயாரில்லை. "இந்த வயித்தோட ஆபரேஷன் பண்ண முடியாது. எடையைக் குறைங்க" என்று ஒரு மாத்திரை எழுதினார். சாப்பாட்டிலுள்ள கொழுப்பை உடம்பில் சேரவிடாமல் வெளியே தள்ளும் மாத்திரை. கூடவே எண்ணெய், நெய்யையும் குறைக்கச் சொன்னார்.

அந்தக் கடைசிப் பேச்சு கவுஸ் பாஷாவின் காதில் ஏறவில்லை. "தள்ற மாத்திரைக்குத் தள்ள எதுனா குடுக்கணுமில்ல?" என்று பிரியாணி முன் உட்கார்ந்தார். தள்ளிய கொழுப்பு கசிந்து வெள்ளைப் பைஜாமாவின் பின்பக்கம் எண்ணெய்க் கறை வந்தது. மாத்திரை வேலை செய்கிறது என்று அதற்கும் சந்தோஷப்பட்டார். பிரியாணித் தாகத்துக்குச் சொம்பு சொம்பாகத் தண்ணீர் வேறு.

எடை மெஷின் முள்ளைப் பார்க்க அவருக்கு எப்போதும் பயம். கண்ணை மூடிக்கொண்டுதான் ஏறுவார். மாத்திரை தந்த தைரியத்தில் ஒரு நாள் டயாலிசிஸுக்கு முன்னும் பின்னும் கண்ணைத் திறந்து பார்த்தார். நாலு கிலோ கம்மி! உடனே அக்காவுக்கு போன்: "ஆபா, ரெடியா இரு!"

நர்ஸ் எப்சி சிரித்தாள். "இன்னா பாய், இவ்ளோ குஷி? அது டயாலிசிஸ் மெஷின் எடுத்த தண்ணி. தண்ணி போனப்புறம் நிக்கிறதுதான் உங்க எடை. அது போன மாசத்தவிட ரெண்டு கிலோ ஜாஸ்தி."

கவுஸ் பாஷா எடை மெஷின் மேலேயே நின்றார். தண்ணீர் தெளித்து எடை கூட்டிய தோலைக் கொண்டு வந்தவர்களை, "யார்கிட்ட வேலையைக் காட்டுற?" என்று காலமெல்லாம் மண்டியிலிருந்து துரத்தியவர் அவர்.

"சிஸ்டர், நான் தோலா வந்திருந்தா, கவுஸ் பாஷா என்னை மண்டி கேட்டுக்குள்ளயே விட்டிருக்க மாட்டான்."

மறுபடி அக்காவுக்கு போன். "ஆபா, இப்ப ரெடியாவாதே. குறைஞ்சது தண்ணி."

"என் கிட்னி எங்கடா ஓடிப்போவுது? வீட்டுக்கு வா, சுரைக்காய் வெச்சிருக்கேன்."

"நெய்?"

"கிடையாது."

"பாவம், மாத்திரை எதைத் தள்ளும்?"

"சும்மா குந்தட்டும்!"

சுரைக்காய் மறு வருஷம் வரை ஓடியது. டாக்டர் ஆபரேஷனுக்குத் தேதி சொன்ன அன்று கவுஸ் பாஷா எப்சியிடம், "நல்லா உதறிப் பாத்துக்கோ சிஸ்டர், சொட்டுத் தண்ணி இல்ல" என்றார்.

உங்க வீட்டிலும் எடை மெஷினை ஏமாற்றப் பார்த்து மாட்டிக்கொண்டவங்க இருப்பாங்களே? வெட்கப்படாம எழுதிப் போடுங்க.