மீசையில் ஓடிய பஞ்சுக்குச்சி

அன்று கோழி வெட்டும் கூடத்தில் இருந்தவர்கள் முதலாளி, அவர் மனைவி, கிருமிச் சோதனை செய்யும் மருமகள், மூவர்தான். கோழியில் இன்னொரு முறை கிருமி தெரிந்தால் கூடத்துக்குப் பூட்டு என்று அதிகாரிகள் எச்சரித்திருந்தார்கள். முந்தின நாள் எடுத்த சோதனையில் கத்தி, மேசை, தொட்டித் தண்ணீர் எல்லாம் சுத்தம். முதலாளியின் கையுறையில் மட்டும் கிருமிகள் கும்மாளம் போட்டிருந்தன.

"புது உறைம்மா!" என்று எகிறிய முதலாளி, பழக்கதோஷத்தில் மீசையை முறுக்கினார்.

"அந்தக் கைதானே மாமா அடுத்து கோழியைத் தொடும்?" என்று மீசையிலும் பஞ்சுக்குச்சியை ஓட்டினாள் மருமகள்.

"கல்யாணமான நாள்லேர்ந்து அதோட குடும்பம் நடத்துறேன். எனக்கு யாரும் சோதனை பண்ணலையே!" என்றாள் மனைவி.

கூடம் போகுமா, மீசை போகுமா என்று முதலாளி கணக்குப் போட்டார். மறுநாள் முடிவு வந்தது. குற்றவாளி மீசையேதான்.

மருமகள் மாமனார் மீசையை மழித்துவிட்டாள் என்று வெளியே பேசுகிறார்கள். சுத்தப் பொய். மீசைக்கு வலைதான் கட்டியிருக்கிறாள். கூடமும் திறந்தே இருக்கிறது.