சந்தனம் பூசிய வண்டு

எங்கள் வீட்டில் ஆயுத பூஜை என்றால் அப்பா கோவிந்தசாமிக்குக் கை சும்மா இருக்காது. பஸ் ஓட்டுநர். தேக்கா சந்தையில் சந்தனப் பொடியும் பூவும் வாங்கி வந்து சைக்கிள், தையல் மெஷின், ரைஸ் குக்கர் என்று கண்ணில் பட்டதற்கெல்லாம் பொட்டு வைத்துவிடுவார். என் ரோபோவையும் விடமாட்டார் என்று எனக்குத் தோன்றவேயில்லை. மண்டு நான்.

மறுநாள் காலை பாலிடெக்னிக்கில் ரோபோ இருந்த பெட்டியைத் திறந்தால், மூட்டின் இடுக்குவரை சந்தனம் காய்ந்து கிடந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஒரு வண்டு இருக்கிறது. மல்லாந்து விழுந்தால் உடம்பை வில்லாக வளைக்கும். நெஞ்சிலுள்ள சின்ன முளை ஒரு விளிம்பில் மாட்டி நிற்கும். அது நழுவும் நொடியில் வண்டு ‘டக்’கென்று எம்பி, நிமிர்ந்து விழும். அதைப் பார்த்துத்தான் என் ரோபோவைச் செய்தேன். ஆனால் அது லேசாகத் துள்ளிவிட்டு மறுபடி மல்லாந்துவிடும். முளை சிக்குகிறதோ என்று நானும் அதைத் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கியிருந்தேன்.

"ரெடியா ரக்ஷனா? இன்னைக்கும் எழும்பலன்னா ரோபோ போட்டிக்கு வேற டீம்தான் லா," என்றார் விரிவுரையாளர் உமைர்.

துடைக்க நேரமில்லை. ரோபோவை மல்லாக்கப் போட்டு பட்டனை அழுத்தினேன். வளைந்தது. வழக்கமாக நழுவும் இடத்தில் நழுவாமல் அப்படியே நின்றது. போச்சு, சிக்கிக்கொண்டது! அப்பாவை மனசுக்குள் திட்ட ஆரம்பித்தேன்.

டக்!

என் முகத்துக்கு நேரே எழும்பி, குட்டிக்கரணம் அடித்து, ஆறு காலிலும் நின்றது.

"இன்னொரு தடவை போடு!" என்றார் உமைர் சார்.

போட்டேன். மறுபடியும் நின்றது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. முளை சட்டென்று வழுக்கக் கூடாது. பிடித்துக்கொண்டு இறுக வேண்டும், இறுகினால்தான் வேகம். நான் வழவழப்பாக்கி வைத்ததைக் காய்ந்த சந்தனம் சொரசொரப்பாக்கியிருந்தது.

"முளையில என்ன கோட்டிங்?" என்று உமைர் சார் குனிந்து பார்த்தார்.

"சந்தனம் சார்."

வாய்விட்டுச் சிரித்தார். "போட்டிக்கு நீதான் போற. ஏன் எழும்புச்சுன்னு ரிப்போர்ட்ல விளக்கமா எழுதணும்."

அறைக்கு வெளியே ஓடிவந்து அப்பாவுக்குப் போன் போட்டு, "ரோபோ உள்ளெல்லாம் சந்தனம்ப்பா," என்றேன்.

"ஐயோ, கை தவறி உள்ள பூசிட்டேம்மா. கெட்டுப் போச்சா?" என்றார் பயந்த குரலில்.

"எழுந்திருச்சுப்பா! தானா எழுந்து நின்னுச்சுப்பா!"

நான் போட்ட சத்தத்தில் மாடியே திரும்பிப் பார்த்தது. நல்லாப் பார்க்கட்டும்.