முள்ளுப்படி

கொள்ளிச்சட்டியை ஒரு கையில் ஏந்தி, மறுகையால் அதன்மேல் தகரமூடியைப் பிடித்துக்கொண்டு ராமாமணியின் சித்தப்பா லாரியை நோக்கி நடந்தார். மழை விட்டபாடில்லை. அவள் அப்பாவின் பாடையைப் பின்னால் ஏற்றியாயிற்று. சட்டி ஏந்தியவர் டிரைவர் பக்கத்தில் உட்கார வேண்டியதுதான் பாக்கி.

அப்பா சென்னகிருஷ்ணன், சிங்காநல்லூரில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் இருபது வருடம் வேலை பார்த்தவர். ஆண்பிள்ளை இல்லாததால் தம்பி திருமலைசாமி கொள்ளி வைக்கிறார். அவருக்கு இடது கால் ஊனம். க்ளீனராக இருந்த காலத்தில், இதேபோல் ஒரு அடைமழையில், லாரிப் படி வழுக்கி விழுந்து ஒடிந்த கால் அது.

லட்சுமணசாமி மாமா குறுக்கே வந்து நின்றார். இரண்டு கையும் சட்டியில், ஒரு கால் நொண்டி, படியோ ஈரம். வேறு யாராவது சட்டியை வாங்கி மேலே கொடுக்கட்டும் என்றார். எடுத்த சட்டி சுடுகாடு வரை கைமாறக் கூடாதென்று அவருக்கும் தெரியும். பயம் முறையைப் பார்க்குமா?

தம்பி விழுந்த பிறகு அப்பா சும்மா இருக்கவில்லை. முதலில் படியில் டயர் ரப்பரை அடித்துப் பார்த்தார். சேறு அப்பி இன்னும் மோசமாக வழுக்கியது. பிறகு இரும்புத் தகட்டில் அடியிலிருந்து துளை குத்தினார். தண்ணீர் கீழே இறங்கியது, விளிம்புகள் மேலே நீட்டிக்கொண்டு காலைப் பிடித்தன. வெறுங்காலில் ஏறுகிறவர்களுக்குப் பாதம் கிழியுமே என்று ஒவ்வொரு விளிம்பையும் அரம் போட்டு மழுக்கினார். சோப்புத் தண்ணீர் ஊற்றி ராமாமணியை ஏறி இறங்கச் சொன்னார். தேங்காய்த் துருவியில் பெண்ணை நிறுத்துகிறானே என்று மாமா அன்று கேலி பேசினார். டிரைவர்கள் அதற்கு முள்ளுப்படி என்று பெயர் வைத்தார்கள். செய்தது யாரென்று ஒருவரும் கேட்டதில்லை.

"ஏறட்டுமுங்க மாமா," என்றாள் ராமாமணி. "எங்கப்பன் செஞ்ச படிங்க. காலை உடாதுங்க."

சொல்லிவிட்டாளே தவிர, படியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. சித்தப்பா சறுக்கினால், அப்பாவின் உழைப்பு அத்தனையும் ஊர் பார்க்கச் சறுக்கியதாகிவிடும். டிரைவர் யூனுஸ் கதவைத் திறந்து பிடித்தார்.

சித்தப்பா அவளைத் திரும்பிப் பார்த்தார். வாரேன் என்று சொல்லக் கூடாத நேரம். ஊனக்காலையே முதலில் படியில் வைத்தார். கால் சறுக்கவில்லை. உடம்பை மேலே தூக்கி, மறுகாலை உள்ளே வைத்து உட்கார்ந்தார். சட்டியிலிருந்து ஒரு கங்குகூடச் சிதறவில்லை.

காலையிலிருந்து அழுது வீங்கிய முகத்தோடு ராமாமணி நிமிர்ந்து நின்றாள். அவளுக்கு அப்படியொரு பெருமையாக இருந்தது.

தாங்கிப் பிடிக்க நீட்டிய மாமாவின் கைகள் இரண்டும் மழையில் வெறுமனே நீண்டிருந்தன.